தமிழில் கால்பந்துச் செய்தி போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். யூடியூபில் மேட்ச் அலசுகிறவர்கள், இன்ஸ்டாவில் மீம் பக்கம் நடத்துகிறவர்கள், செய்தித் தளங்களில் விளையாட்டுப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என எல்லாருக்கும் சேர்த்தேதான் இதை எழுதுகிறேன். நள்ளிரவில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் முடிந்து, விடிவதற்குள் "அது ஆஃப்சைடா இல்லையா" என்று கோடு போட்டுக் காட்டித் தமிழில் விளக்க இன்றைக்கு ஆள் இருக்கிறது. தூக்கம் கெட்டு நீங்கள் செய்கிற வேலை அது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் இருக்கிற நாட்களை எதை வைத்து நிரப்புகிறீர்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

பெரும்பாலும் அது லண்டன் டேப்லாய்டு பத்திரிகைகளின் சரக்கு. யார் எத்தனை கோடிக்கு வீடு வாங்கினான், கையில் என்ன வாட்ச், எந்த நைட் கிளப்பில் எத்தனை மணி வரை இருந்தான். அங்கே அடித்த தலைப்பை அப்படியே தமிழாக்கி, பவுண்டை ரூபாயாக்கி, கூடவே ஒரு சிரிப்பு எமோஜி. அந்தத் தலைப்பை யார், எதற்காக, யாரைக் குறிவைத்து எழுதினார்கள் என்று நீங்கள் யோசிப்பதில்லை. யோசிக்க நேரமும் இருக்காது, தெரியும். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இங்கிலாந்து வீரர் ரஹீம் ஸ்டெர்லிங் கதையை எடுக்கிறேன்.

2018 டிசம்பரில் செல்சீ மைதானத்தில் ஒரு ஆட்டம். மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடிய ஸ்டெர்லிங், கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுக்கப் போனார். முன்வரிசையில் இருந்த சிலர் முகம் கோணிக் கத்தியது டிவியில் தெளிவாகத் தெரிந்தது. இனவெறிப் பேச்சு என்று புகார் எழுந்தது. மறுநாள் காலை அவர் இன்ஸ்டாவில் ஒரு பதிவு போட்டார். கத்தினவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. டெய்லி மெயிலின் இரண்டு தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். இரண்டுமே சிட்டி அணியின் இளம் வீரர்கள் வீடு வாங்கிய செய்தி. ஒருவர் டோசின் அடராபியோயோ, கறுப்பினப் பையன். வாரம் 25,000 பவுண்டு சம்பளம் வாங்கும் இருபது வயதுக்காரர், பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தொடக்க அணியில் இறங்காதவர், 22.5 லட்சம் பவுண்டு மாளிகைக்குப் பணத்தை வாரி இறைத்தார் என்று தலைப்பு. இன்னொருவர் ஃபில் ஃபோடன், வெள்ளைக்காரப் பையன். அவர் 20 லட்சம் பவுண்டில் அம்மாவுக்குப் புது வீடு வாங்கினார் என்று தலைப்பு. ஸ்டெர்லிங் சொன்னது இதுதான்: இரண்டு பேருமே அம்மாவுக்காகத்தான் வாங்கினார்கள், இரண்டு பேரும் செய்தது நல்ல காரியம். ஒருவன் செய்தால் ஊதாரி, இன்னொருவன் செய்தால் பாசக்காரப் பிள்ளை என்று ஆக்குவது யார்?

இது அவருக்கே நடந்த கதைதான். 2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்து ஐஸ்லாந்திடம் தோற்று வெளியேறிய சூட்டில், அவர் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த வீட்டைக் காட்டி, தோற்றுவிட்டு வந்து பகட்டைப் பார் என்று தி சன் எழுதியது. 2018 உலகக் கோப்பைக்குக் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு அவர் காலில் குத்தியிருந்த துப்பாக்கிப் பச்சையைப் பெரிதாக்கி அதே பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அப்பா ஜமைக்காவில் சுட்டுக் கொல்லப்பட்டவர். இனி வாழ்நாளில் துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று தனக்குத்தானே செய்துகொண்ட சத்தியம் அது, வலது காலால்தான் நான் (பந்தை) சுடுவேன், அதனால்தான் அங்கே குத்தினேன் என்று அவரே விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. விளக்கம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? படம் போய்ச் சேர்ந்தது. தமிழிலும் வந்து சேர்ந்தது.

அதே வருஷம் ஸ்டெர்லிங் தன் சின்ன வயதைப் பற்றி எழுதியிருந்தார். அதில் நான் மறக்காத விஷயம் பஸ் நம்பர்கள்தான். 18, அப்புறம் 182, அப்புறம் 140. குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் சிறுவர் அணியின் பயிற்சி ஹீத்ரோ பக்கம் நடக்கும். வீடு இருந்தது வெம்பிளிப் பக்கம். மூன்று பஸ் மாறிப் போக வேண்டும். அம்மா வேலைக்குப் போய்விடுவதால் அக்காதான் கூட்டிப் போவாள். மத்தியானம் மூன்றேகாலுக்குக் கிளம்பினால் திரும்பி வீடு வர ராத்திரி பதினொன்று. தம்பி பயிற்சி முடிக்கும்வரை அக்கா அங்கேயே காத்திருப்பாள். தன் பட்டப்படிப்புச் செலவுக்காக அம்மா ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்தார். பள்ளிக்கூடம் போவதற்கு முன் விடியற்காலை ஐந்து மணிக்கே பிள்ளைகளும் கூடப் போவார்கள். இன்றைக்குக் கக்கூஸ் கழுவுவது நீ, படுக்கை விரிப்பு மாற்றுவது நான் என்று அக்காவும் தம்பியும் சண்டை போடுவார்களாம். இப்படி வளர்ந்த பையன் அம்மாவுக்கு வீடு வாங்கினால் அதில் கெட்டுப்போனது என்ன? நம் ஊரில் துபாய்க்குப் போனவன் முதல் சம்பளத்தில் என்ன செய்வான்? நாம் கைதட்டுவோமா, இல்லை திமிர் என்போமா?

சரி, இதற்கு நேர் எதிராக நீங்கள் ஒன்று செய்கிறீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். விரிசல் விட்ட போனோடு சாடியோ மானே நிற்கிற படத்தைப் போட்டு, கீழே சோக இசை வைத்து, "இவரல்லவோ மனிதர்" என்று ஒரு ரீல். மினி கூப்பர் என்கிற சின்னக் காரில் வந்து இறங்கும் பிரான்ஸ் வீரர் கான்டேவுக்கு இன்னொன்று. மானே செனகலில் தன் ஊர் பம்பாலியில் ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தது உண்மை, பெரிய காரியம். அவர் சிறுவனாக இருந்தபோது அப்பா நோயில் இறந்தார், அப்போது அந்த ஊரில் ஆஸ்பத்திரி கிடையாது. ஆனால் ரீலில் ஆஸ்பத்திரியைவிடப் போன் விரிசல்தான் அதிக நேரம் தெரிகிறது. ஏழையாக வந்தவன் ஏழை மாதிரியே இருந்தால் கும்பிடுவோம், கொஞ்சம் வசதியாக வாழ்ந்தால் ஏறி மிதிப்போம் என்கிற புத்திதான் இரண்டு ரீலுக்கும் பின்னால் இருப்பது. கோயில் சிலையாக ஆக்குவதற்கும் சந்தியில் நிற்க வைப்பதற்கும் நடுவில் ஒரு சாதாரண மனுஷனுக்கு உங்கள் பக்கங்களில் இடமே இல்லை.

இங்கிலாந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் இந்த இரண்டு இடத்துக்கும் போய்வந்த ஆள். 2020 ஜூனில், கொரோனா காலத்தில், கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாப்பாட்டு உதவியை நிறுத்தக் கூடாது என்று பிரிட்டிஷ் எம்.பி.க்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பள்ளியில் இலவசச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவர் அவர், தன் அம்மா பட்ட பாட்டைத்தான் எழுதினார். மறுநாளே அரசாங்கம் இறங்கி வந்தது. சுமார் 13 லட்சம் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம். அப்போது அவருக்கு 22 வயது. மதிய உணவுத் திட்டத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கடிதத்தின் கனம் சொல்லாமலே புரியும். நீங்களும் அன்றைக்குத் தலைமேல் வைத்துக் கொண்டாடினீர்கள். அதே வருஷம் நவம்பரில் மெயில் ஆன் சண்டே, இந்தப் "பிரசாரக்காரர்" ஐந்து வீடு வாங்கியிருக்கிறார் என்று எழுதியது. நான் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்தவன், என் குடும்பத்தின் நாளையப் பாட்டை நான்தானே பார்க்க வேண்டும் என்று அவர் ட்விட்டரில் பதில் சொன்னார். பசிக்காகப் பேசுகிறவன் பசியோடுதான் இருக்க வேண்டும் போல.

அடுத்த ஜூலையில் யூரோ இறுதி ஆட்டம், இங்கிலாந்தும் இத்தாலியும். பெனால்டியில் ராஷ்ஃபோர்ட் அடித்தது கம்பத்தில் பட்டது, சான்சோவும் சாகாவும் அடித்ததை இத்தாலி கோல்கீப்பர் டோனரும்மா தடுத்தார். சாகாவுக்கு வயது 19. அன்று ராத்திரி அந்த மூன்று பேரின் பக்கங்களில் வந்த இனவெறிக் கமெண்டுகளை உலகமே பார்த்தது. 2024 ஜனவரியில் ராஷ்ஃபோர்ட் பெல்ஃபாஸ்ட் நைட் கிளப்புக்குப் போய்விட்டு உடம்பு சரியில்லை என்று பயிற்சிக்கு வராதபோது, அது அவர் தப்புதான், அவரும் ஒத்துக்கொண்டார், அப்போது அவர் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பும் அதோடு முடித்துக்கொண்டது. நீங்கள் மட்டும் முடிக்கவில்லை. பள்ளிச் சாப்பாட்டை இழுத்து வந்து "அன்னதானப் பிரபு இப்போது எங்கே" என்று எத்தனை மீம்!

அரசியல்வாதிகளும் இந்த விளையாட்டில் கெட்டிக்காரர்கள். 2020 ஏப்ரல் 2-ம் தேதி, பிரிட்டனில் சாவு எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் பத்திரிகையாளர்கள் முன்னால் நின்று கால்பந்து வீரர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். வங்கிக்காரர்களிடம் கேட்கவில்லை, ஹெட்ஜ் ஃபண்டு முதலாளிகளிடம் கேட்கவில்லை, கிளப் வைத்திருக்கும் கோடீஸ்வரர்களிடமும் கேட்கவில்லை. லிவர்பூல் கேப்டனாக இருந்த ஜோர்டன் ஹெண்டர்சன் ஏற்கெனவே மற்ற கேப்டன்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்குள் வீரர்கள் ஒன்றுசேர்ந்து மருத்துவ ஊழியர்களுக்கான நிதியை அறிவித்தார்கள். அமைச்சர் பேச்சு அளவுக்கு அது ஓடவில்லை.

இப்போது பழைய கதை ஒன்று. இங்கிலாந்தின் பழைய நட்சத்திரம் பால் கேஸ்காய்ன் என்றால் உங்கள் பக்கங்களில் குடிகாரக் கோமாளி. 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் டூரின் மைதானத்தில் அழுத முகம், அப்புறம் நேராகக் குடித்து வீங்கிய முகம், இந்த இரண்டு படம்தான். நடுவில் என்ன நடந்தது? பல வருஷம் மிரர் குழுமப் பத்திரிகைக்காரர்கள் அவர் போன் வாய்ஸ் மெயிலைத் திருட்டுத்தனமாகக் கேட்டார்கள். யாரோ என் போனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, உனக்கு மனப்பிரமை என்றார்கள். வீட்டு ஆட்களிடமே பேசப் பயந்தார். 2015 மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,88,250 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆக, அவர் சொன்னதுதான் நிஜம். குடியை இந்த ஒட்டுக்கேட்பு மட்டும்தான் கொண்டுவந்தது என்று சொல்லவில்லை. அவருக்கு அதற்கு முன்பும் பிரச்சினைகள் இருந்தன. ஆனால் அவரைப் பற்றி ஜோக் அடிக்க நாம் பயன்படுத்துகிற படங்களும் கதைகளும் எந்தக் கடையிலிருந்து வந்தவை என்று தெரிந்துகொண்டு அடிக்கலாமே.

இங்கிலாந்து வீரர் டெலி அலி விஷயத்திலும் இதேதான். சோம்பேறி, ஃபேஷன் பைத்தியம், ஆட்டத்தை மறந்தவன் என்று மூன்று வருஷம் கிண்டல். 2023 ஜூலையில் முன்னாள் வீரர் கேரி நெவிலின் பேட்டியில் உட்கார்ந்து, ஆறு வயதில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையையும், எட்டு வயதில் போதைப்பொருள் விற்றதையும், தூக்க மாத்திரைக்கு அடிமையாகி மறுவாழ்வு மையத்துக்குப் போனதையும் சொன்னார். அன்று மட்டும் எல்லாப் பக்கங்களிலும் இதயம் பறந்தது. பழைய மீமை ஒருவரும் நீக்கவில்லை.

இதெல்லாம் பணக்கார வீரர்களின் பாடு. உலகத்தில் கால்பந்தைத் தொழிலாக ஆடுகிறவர்களில் இப்படி ஆட்கள் எத்தனை பேர்? சர்வதேச வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-ல் 54 நாடுகளில் சுமார் 14,000 வீரர்களிடம் கேட்டு ஓர் அறிக்கை போட்டது. அதில் 45 சதவீதத்துக்கும் மேலானவர்கள் மாதம் 1,000 டாலருக்குக் கீழே சம்பாதிக்கிறவர்கள். 41 சதவீதம் பேருக்குச் சம்பளம் நேரத்துக்கு வரவில்லை. சராசரி ஒப்பந்தம் இரண்டு வருஷம்கூட இல்லை. முழங்கால் ஜவ்வு ஒருமுறை கிழிந்தால் ஆறேழு மாதம், பெரும்பாலும் அதற்கு மேலும் போய்விடும். ஒப்பந்தத்தில் பாதியை ஆஸ்பத்திரியும் பிசியோவுமே தின்றுவிடும்.

இங்கிலாந்திலேயே 1961 ஜனவரி வரை ஒரு வீரருக்கு வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டித்தான் அதை உடைத்தார்கள். 1966-ல் உலகக் கோப்பை வென்ற நாபி ஸ்டைல்ஸ், 2010-ல் குடும்பத்துக்காகத் தன் பதக்கங்களை ஏலத்தில் விற்றார். கடைசி வருஷங்களில் மறதிநோய் அவரைப் பிடித்துக்கொண்டது. வெஸ்ட் பிராம்விச்சின் ஜெஃப் ஆஸ்டல் 59 வயதில் இறந்தபோது, திரும்பத் திரும்பப் பந்தைத் தலையால் முட்டியதால் வந்த தொழில்சார் நோய் என்று 2002-ல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பெழுதினார். பழைய வீரர்கள் மூளை தேயும் நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று 2019-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. ஹெட்டர் கோல் தொகுப்பு போடுகிறீர்களே, அதே சேனலில் இதைப் பற்றி ஒரு பத்து நிமிட வீடியோ பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அப்புறம் நம் ஊர். இங்கே பிரச்சினை தலைகீழ். அங்கே பிம்பம் ஆளை விழுங்குகிறது, இங்கே பிம்பம் என்ற ஒன்றே கிடையாது. 2018 ஜூன் முதல் தேதி மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று வென்றபோது பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சுனில் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். எங்களைத் திட்டுங்கள், கிண்டல் பண்ணுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். தேசிய அணிக் கேப்டன், தன்னைத் திட்டவாவது வரச் சொல்லிக் கேட்கிறார்! அடுத்த கென்யா ஆட்டத்துக்கு அரங்கம் நிறைந்தது. அந்த வேகம் எத்தனை நாள் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும்.

2025 ஜூலையில் இந்தியாவின் முதன்மை லீக்கான ஐ.எஸ்.எல். தொடர் கிடப்பில் போடப்பட்டது. லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது, அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. நவம்பரில் புது டெண்டருக்கு ஒருவரும் வரவில்லை. கோபம் போய், விரக்தி போய், இப்போது கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டோம் என்ற கருத்தில் வீரர்கள் கூட்டாக அறிக்கை விட்டார்கள். அந்த மாதங்களில் உங்கள் பக்கங்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரொனால்டோவின் மோதிரத்துக்குத் தனி வீடியோ இருந்தது. வீட்டு ஈ.எம்.ஐ. கட்ட வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் இந்திய வீரனுக்கு ஒரு ஸ்டோரி, அதுவும் இருபத்து நாலு மணி நேரத்தில் மறைந்துவிடும்.

தமிழ்நாட்டில் ரொம்ப நாளாகக் கால்பந்து வீரனுக்கு நிச்சயமான வழி ஸ்போர்ட்ஸ் கோட்டாதான். ரயில்வே, ஐ.சி.எஃப்., பேங்க், போலீஸ். மாதச் சம்பளம், கடைசியில் பென்ஷன். புரொஃபஷனல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற பையன் அந்த நிம்மதியை விட்டுவிட்டு வருகிறான். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் ஏ.டி.கே. மோகன் பகானுக்காக சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே இருந்தார். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டூரண்டு கோப்பையில், மோகன் பகானோடு மோதும் கொல்கத்தா டெர்பியில், ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோல் அடித்தார். வருஷக்கணக்காக டெர்பியில் தோற்றுக்கொண்டே இருந்த ரசிகர்கள் அன்றைக்கு அழுதார்கள். கொல்கத்தாவில் அவர் தெருவில் நடந்தால் கூட்டம் சேரும். பெரம்பூரில் பக்கத்து மேசையில் டீ குடித்தால் நமக்கு அடையாளம் தெரியுமா என்பது சந்தேகம்.

கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வீடு, கார், வாட்ச் செய்தியை டேப்லாய்டிலிருந்து எடுப்பதை நிறுத்துங்கள். ஆட்டத்தைத் தாராளமாகத் திட்டுங்கள். மார்க் பண்ணாமல் விட்டான், பாஸ் கொடுக்காமல் சுயநலமாக அடித்தான், பயிற்சிக்கு மட்டம் போட்டான், எல்லாம் சொல்லுங்கள். அது அவன் வேலை, அதை விமர்சிப்பது உங்கள் வேலை.

அதைவிட முக்கியம் உங்கள் கமெண்ட் பெட்டி. ஒரு கறுப்பின வீரர் பெனால்டியைக் கோட்டைவிட்ட ராத்திரி உங்கள் வீடியோக்களுக்குக் கீழே தமிழில் வருகிறதைப் படித்திருக்கிறீர்களா? நிறத்தைச் சொல்லி, விலங்குப் பெயரைச் சொல்லி, அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். இதே நிறத்துக்காகச் சினிமாவிலும் கல்யாணச் சந்தையிலும் கேலி பட்ட நாம்தான் எழுதுகிறோம். மட்டுறுத்த ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். காப்பிரைட் ஸ்ட்ரைக் வந்தால் பத்து நிமிடத்தில் வீடியோவைத் தூக்க ஆள் இருக்கிறதே. பெரிய ஆட்டம் நடக்கிற ராத்திரி அந்த வார்த்தைகளைத் தடைப்பட்டியலில் போட்டு வையுங்கள், யூடியூபிலும் இன்ஸ்டாவிலும் அதற்கு வசதி இருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, மாதத்துக்கு ஒரு வீடியோ நம் வீரர்களுக்கு. "மெஸ்ஸியா ரொனால்டோவா" என்று அவர்களிடம் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, காயம்பட்டால் ஆபரேஷன் செலவு யார் தலையில், சம்பளம் நின்ற மாதங்களில் எப்படிச் சமாளித்தீர்கள், சீசன் இல்லாத நாட்களில் எங்கே பயிற்சி எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். நந்தகுமாரிடமிருந்து ஆரம்பிக்கலாம், அடுத்து சூசைராஜ். பெண்கள் அணியில் இந்துமதி கதிரேசன் இருக்கிறார், தமிழ்நாடு போலீஸில் வேலை பார்த்துக்கொண்டே இந்தியாவுக்கு ஆடியவர். அவர் டியூட்டியையும் பயிற்சியையும் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதே ஒரு மணி நேரத்துக்கு ஓடும். வியூஸ் குறையும் என்று பயந்தால் தலைப்பில் கொஞ்சம் மசாலா போட்டுக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வீடியோக்களை விடாமல் பார்க்கும் ஒரு ரசிகன்